புதியாப்பிளைக்குப் பாஸ்வேர்டு இல்லை

“ஸஃபூறா, இதுல கை வச்சது யாரு?”

என் மாப்பிள்ளை மன்சூர்க்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டார். மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, நடுக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கான தட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உம்மா அன்றைக்கு அரிக்கடுக்கா செய்திருந்தாள். கல்லும்மக்காய் என்கிற கடல்சிப்பியின் ஓட்டுக்குள் அரிசிமாவை அடைத்து, வேகவைத்து, மசாலா புரட்டிப் பொரித்தெடுக்கும் வேலை அது. முழங்கால் வலியோடு மத்தியானம் முழுவதும் அதற்காகக் குந்தியிருந்தாள். ஆனால் அதைத் தின்கிறவர் முன்னால் பதினைந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவள் வந்து நின்றதில்லை. அடுக்களை வாசலில் தொங்கும் திரைக்குப் பின்னாலிருந்து, “புதியாப்பிள சாப்பிட்டாரா?” என்று என்னிடம் கேட்பதோடு சரி. தலசேரியில் எங்கள் ஆட்களிடம் மருமகனுக்கு அறுபது வயது ஆனாலும் அவர் புதியாப்பிளைதான். மகள் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். அவர் சாயங்காலம் வருவார், காலைச் சாயா குடித்துவிட்டுப் போவார்.

“எதுல கை வச்சது?” என்றேன்.

“நேத்து நாள் பூரா உக்காந்து வரைஞ்சேன்ல. அது இல்ல. ஃபோல்டரே துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு.”

முந்தின நாள் ஹர்த்தால். கடை, பஸ், ஆபீஸ் எதுவும் கிடையாது என்பதால் அவர் காலையில் கிளம்பவில்லை. பகல் வெளிச்சத்தில் புதியாப்பிளை வீட்டில் இருப்பது எங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். பாவம், எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டரில் தலையைக் கொடுத்தவர் அஸர் தொழுகைக்கு வாங்கு கேட்டுத்தான் எழுந்தார். ஓமானில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு வீட்டு வரைபடம் போடும் வேலைதான். இப்போது டவுனில் ஓர் இன்ஜினீயரிடம் அதையே செய்கிறார். ஆபீஸ் வேலையைத்தான் செய்கிறார் என்று நினைத்து நான் எட்டிப் பார்க்கவில்லை.

“என்ன வரைஞ்சீங்க?”

“வீடு” என்றார்.

“யாருக்கு வீடு?”

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “அதை உன் இத்தாத்தாகிட்ட கேளு. நேத்து என் முதுகுக்குப் பின்னால நின்னு நல்லாப் பார்த்தது அவங்கதான். இதுல எல்லாக் கதவுக்கும் சாவி வச்சிருக்கறதும் அவங்கதான்.”

“யாருக்கு வீடுன்னுதானே கேட்டேன்?”

“அதுகூட உனக்குத் தெரியலன்னா நான் சொல்லி என்ன ஆகப்போகுது?”

எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டார். மேசையைப் பார்த்தார். தட்டைத் தொடவில்லை. செருப்பின் சத்தம் படி இறங்கி, முற்றம் தாண்டி, கேட் வரை போனது. திரைக்குப் பின்னால் உம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. அன்றைக்கு அந்த அரிக்கடுக்காவை யாரும் தின்னவில்லை.

இந்தக் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். என் இத்தாத்தா, அதாவது அக்கா, ஹாஜறா அரசுப் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சாஃப்ட்வேர் சிடியைக் கொண்டுவந்து, அவள் கையாலேயே இதில் ஏற்றினாள். பிறகு எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் போடவைத்தாள். “ஒரே பேர்ல எல்லாரும் நுழைஞ்சா எது யாரோடதுன்னு தெரியாது. ஒருத்தர் அழிச்சா இன்னொருத்தர் அழணும். பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லக் கூடாது, பெத்த தாய்கிட்டகூட” என்றாள். “நான் எப்ப கேட்டேன்?” என்று உம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அப்புறம் தன்னுடைய பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லி, அதை அடிக்கச் சொன்னாள். புதிதாக எதையும் ஏற்றவோ, யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றவோ, ஒரு பெயரையே இல்லாமல் ஆக்கவோ உரிமையுள்ள பெரிய கணக்கை ஹாஜறாத்தா தனக்கே வைத்துக்கொண்டாள். வேறு யாருக்குக் கொடுப்பாள்?

மன்சூர்க்காவின் முறை வந்தபோதுதான் உம்மா குறுக்கே விழுந்தாள்.

“புதியாப்பிளையைப் போயி நம்ம கூட ஒரே வரிசையிலயா வைக்கறது? நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“கம்ப்யூட்டரை யாரு உம்மா வந்து பார்க்கப்போறா?”

“அவரு பார்ப்பாருல்ல? வந்து உக்காந்தா, நீ யாரு, அடையாளம் சொல்லுன்னு அது கேக்குமா? நம்ம வீட்டு வாசல்ல புதியாப்பிள என்னிக்காவது கதவைத் தட்டிட்டு நின்னிருக்காரா?”

ஹாஜறாத்தா திரையைப் பார்த்தாள். எல்லாப் பெயருக்கும் கீழே, அதுவாகவே வந்து உட்கார்ந்திருந்த ஒரு வரியைக் காட்டி, “இதுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. கெஸ்ட். விருந்தாளி வந்தா நேரா உள்ள வரலாம்” என்றாள். உம்மாவின் முகம் மலர்ந்தது. மிஷினுக்குக்கூட மரியாதை தெரிந்திருக்கிறது என்றாள். அன்றிலிருந்து அது மன்சூர்க்காவின் இடம். பேப்பர் படிப்பதும் பந்தாட்டம் பார்ப்பதுமாக அவரும் அதில் சுகமாகத்தான் இருந்தார்.

இப்போது அந்த இடத்தில் திருடு போய்விட்டது என்கிறார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வரவில்லை. மேசையைப் போட்டு, தட்டுகளை மூடிவைத்து, கேட்டின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ராத்திரி இஷாத் தொழுகைக்கும் வாங்கு கொடுத்துவிட்டார்கள். எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்குப் புதியாப்பிளை வராத சாயங்காலம் அந்த வீட்டுக்கு மட்டும் தெரியும் விஷயமல்ல. வரும் செருப்புச் சத்தத்தை எதிர்வீட்டு சைனபாத்தாவும் எண்ணிக்கொண்டிருப்பாள். அதற்கடுத்த நாளும் வராதபோது, சர்க்கரை கேட்கிற சாக்கில் அவள் வந்தாள். “மன்சூரு டூர் போயிருக்கானா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் விவாகரத்துக்கு வக்கீல் தேவைப்படுவது கடைசியில்தான். முதலில் சாயங்காலங்கள் நின்றுபோகும். உம்மாவின் தங்கைக்கு அப்படித்தான் ஆனது.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. மீன்காரன் கூடையின் அடியில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொல்கிறவள். அப்படிப்பட்ட எனக்கு, யாரைச் சந்தேகப்படுவது என்பதே குழப்பமாக இருந்தது. வீடு யாருக்கு? எனக்கென்றால் என்னிடம் சொல்லாமல் ஏன் வரைய வேண்டும்? எனக்கில்லை என்றால்? முன்பு ஓமானில் அவரோடு வேலை பார்த்த ஒருவன் அங்கே இரண்டாவது கல்யாணம் செய்து, இங்கே இருப்பவளுக்கு மூன்று வருஷம் தெரியாமலே வைத்திருந்தான். அதை அவர்தான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். ஏன் சிரித்தார் என்று இப்போது யோசித்தேன். அவர் போனை எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தபோதும், “கண்டுபிடிச்சியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

உம்மா என்னைச் சந்தேகப்பட்டாள். “நீ என்னமோ சொல்லியிருக்க. வாய் இருக்கே உனக்கு.” ஹாஜறாத்தாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். அவள் பேப்பர் திருத்துவதையும், சோற்றைப் பிசைவதையும், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது திரையைச் சற்றே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வதையும் கவனித்துக்கொண்டிருந்தேன். திரையைத் திருப்பும் பழக்கம் அவளுக்கு முன்பே இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். முடியவில்லை.

என் மகள் நிஹாலா ஒன்பதாவது படிக்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “உப்பா வரைஞ்சதை நீ விளையாட்டுக்கு அழிச்சியா?” என்று கேட்டேன்.

“என் பேர்ல போனா உப்பாவோட இடத்துக்குள்ள நுழைய முடியாதும்மா. அது மட்டும்தான் பூட்டியிருக்கும். மத்தவங்களோடதெல்லாம் தொறந்துதான் கிடக்கு.”

“என்னது?”

“ஆமா. டீச்சர் மூத்தம்மாவுக்கே தெரியாது போல. பாஸ்வேர்டு போட்டா வாசல்தான் பூட்டும். ஃபோல்டரை யாரு வேணாலும் எட்டிப் பார்க்கலாம். எதையும் மாத்த முடியாது, அவ்வளவுதான். நான் பார்த்ததில்ல” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மத்தியானம் ஹாஜறாத்தா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். உம்மா லுஹர் தொழுதுவிட்டுச் சாய்ந்திருந்தாள். நான் என் பெயரில் உள்ளே போய், என் ஃபோல்டரிலிருந்து ஒருபடி மேலே ஏறினேன். நிஹாலா சொன்னது சரி. ஹாஜறா, உம்மாவின் பெயரான பிய்யாத்து, ஸஃபூறா, நிஹாலா என்று நாலு பெயர்கள், எங்கள் வீட்டு மாடித் தாழ்வாரத்தில் இருக்கும் அறைகளைப் போல வரிசையாக இருந்தன. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அக்காவின் பெயரை அழுத்தும்போது கை நடுங்கியது என்று சொன்னால் அது பொய். நடுங்கவில்லை.

வினாத்தாள்கள், மார்க் பட்டியல்கள், யாரோ அனுப்பிய துஆக்கள். வீட்டு வரைபடம் எதுவும் இல்லை. அழித்தவள் வைத்திருப்பாளா என்ன? மூடப்போனேன். அப்போது ‘புதுசு’ என்ற பெயரில் ஓர் ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே ஹாஜறாத்தாவின் புகைப்படங்கள் இருந்தன. வெள்ளைச் சுவரின் முன்னால், சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி நாலைந்து. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும்தான் மனுஷர்கள் அப்படி நிற்பார்கள். அதற்குக் கீழே ஓர் அடுக்களையின் படம். எங்கள் ஊர் அடுக்களை இல்லை. பளபளவென்று, மனுஷ வாடையே படாத ஓர் அடுக்களை. அவளுடைய மாப்பிள்ளை ராஸிக் அளியன் ஷார்ஜாவில் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். மகன் மைசூரில் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடம் போய்ச் சேரும் டீச்சர்களை எனக்கு நாலு பேரைத் தெரியும்.

எல்லாம் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் கிளம்புகிறாள். அவள் கிளம்பினால் உம்மாவோடு யார் இருப்பது? நான். நான் இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. அதற்கு முதலில், என்னை நகர்த்தப் பார்க்கிற மனுஷன் வரைந்த வீடு இல்லாமல் ஆக வேண்டும். பின்னால் நின்று பார்த்தாள், பெரிய கணக்கில் நுழைந்தாள், துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பளபள அடுக்களையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் சொந்த அக்கா!

சாயங்காலம் அவள் வந்து பையை வைத்து, முகம் கழுவி, சாயாக் கோப்பையைக் கையில் எடுக்கும்வரை பொறுத்திருந்தேன்.

“ஷார்ஜாவுக்கு எப்போ?” என்றேன்.

கோப்பை அப்படியே நின்றது. “யாரு சொன்னா?”

“அடுக்களை நல்லாருக்கு. அரைக்கற கல்லு வைக்கத்தான் இடமில்ல.”

அவள் முகம் வெளிறி, அப்புறம் சிவந்தது. “என் ஃபோல்டரைத் தொறந்தியா நீ?”

“நீ தொறக்கலாம், நான் தொறக்கக் கூடாதா? அவரு வரைஞ்சதை அழிக்கறப்போ உன் கையில ஒரு உதறல்கூட வரலையா இத்தாத்தா? அவரு வராம இருக்காரு. சந்து பூரா வாயை மென்னுக்கிட்டிருக்கு. நீ ஏரோப்ளேன்ல ஏறிப் போயிடுவ. நான் என்ன ஆவேன்?”

“நான் அழிச்சேனா?”

“பின்ன யாரு? உம்மாவா? அவங்க அந்த எலியைத் தொட்டா குளிக்கணும்னு நினைக்கறவங்க.”

ஹாஜறாத்தா கோப்பையைக் கீழே வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தாள். கோபத்தில் அவள் பிடித்த இடம் எரிந்தது. “கெஸ்டை அழுத்து” என்றாள். அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது. நடுவில் ஒரு சின்னப் பலகை வந்தது, ஆங்கிலத்தில் நாலைந்து வரி. “மூடு அதை. எல்லாரும் மூடற மாதிரி மூடு. இப்ப எதையாவது எழுதி சேவ் பண்ணு.” ‘ஹாஜறா பொய்க்காரி’ என்று எழுதிச் சேவ் செய்தேன். அவள் அதைப் படித்தாள். “வெளிய வா. திரும்பப் போ.”

திரும்பப் போனேன். ஃபோல்டர் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது.

“யாரும் வர வேண்டாம், யாரும் அழிக்க வேண்டாம்” என்றாள் அவள். “வெளியே போனா, இல்ல கரண்ட் போனா, அதுவே எல்லாத்தையும் கழுவி ஊத்திடும். விருந்தாளி போன பிறகு விரிப்பை மாத்தறோம்ல, அது மாதிரி. அந்தப் பலகையில அதைத்தான் எழுதியிருக்கு. எனக்கும் முந்தாநாள் வரைக்கும் தெரியாது. நிஹாலா சொன்னதைக் கேட்டு, நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையறதையும் பார்த்து நேத்துதான் பள்ளிக்கூடத்துல கேட்டேன்.”

நான் அந்தப் பலகையை மறுபடி வரவைத்துப் பார்த்தேன். என் ஆங்கிலத்துக்கே பாதி புரிந்தது.

“உன் மாப்பிள்ளை ஓமான்ல இங்கிலீஷ்லதானே வேலை பார்த்தாரு?” என்றாள் ஹாஜறாத்தா. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஒரு கண் என் மேலேயே இருந்தது. அவள் மேலிருந்து இறங்கிய சந்தேகம் நேராக அவர் தலையில் போய் உட்கார்ந்தது. தினமும் இந்தப் பலகையை மூடிவிட்டுத்தானே பேப்பர் படித்தார்? தெரிந்தே வரைந்தாரா? வராமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்ததா? அதைச் செய்த கை எங்கள் வீட்டுக் கையாக இருக்கட்டும் என்று நினைத்தாரா?

“சொல்லலாம்னுதான் இருந்தேன், ஷார்ஜாவைப் பத்தி” என்றாள் அக்கா.

“எப்ப? ஏர்போர்ட்ல இருந்தா?”

அவள் என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தட்டத் தொடங்கினாள். எல்லா ஃபோல்டரையும் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவளுடையதை, உம்மாவுடையதை, நிஹாலாவுடையதை. என்னுடையதைப் பூட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு கணம் நிறுத்தினாள். இத்தனை நாளில் அவள் அதைத் திறந்து பார்த்திருப்பாளா? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசியில், “அவருக்கும் ஒரு பேரு போட்டுடறேன். ஒழுங்கா ஒரு இடம் இருக்கட்டும்” என்றாள்.

விஷயம் தெரிந்ததும் உம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

“வேண்டாம். இத்தனை வருஷம் மரியாதையா நடத்திட்டு, இப்ப வீட்டு ஆளோட ஆளா நிறுத்தினா, நாளைக்கு மீன் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுவீங்க.”

“உம்மா, அவரு வரைஞ்சதெல்லாம் இந்த மரியாதையிலதான் கழுவிட்டுப் போச்சு” என்றேன்.

“என்னதான் வரைஞ்சாரு?”

ஹாஜறாத்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பார்வையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஆபீஸ் வேலை” என்றாள் ஹாஜறாத்தா.

உம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. “பேரு போட்டாலும் அந்தக் கெஸ்ட் அங்கேயே இருக்கட்டும். எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே போன் செய்து மன்சூர்க்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மக்ரிபுக்குப் பிறகு வந்தார். கேட் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது. உம்மா மறுபடியும் அரிக்கடுக்காவே செய்திருந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் தட்டு கொண்டுவருவதற்குள் அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“என் பேரு இருக்கு” என்றார், வரிசையைப் பார்த்து.

“பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்கணும். யாருக்கும் தெரியாது.”

“உன் இத்தாத்தாவுக்கு?”

“அவளுக்கும் தெரியாது. ஆனா நினைச்சா தொறக்கலாம். எந்த வீட்டுலயும் ஒருத்தருகிட்ட எல்லாச் சாவியும் இருந்துதான் ஆகணுமாம்.”

அவர் தலையாட்டினார். அம்புக்குறி அவருடைய பெயரின் மேல் கொஞ்சம் நின்றது. பிறகு கீழே இறங்கி, கெஸ்டை அழுத்தியது. பலகை வந்தது. இந்த முறை அவர் அதை வாய்விட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழுவதும் படித்தார்.

“இதுக்கு முன்னாடி படிச்சதே இல்லையா?” என்றேன்.

“பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதியிருக்கறதை நீ என்னிக்காவது படிச்சிருக்கியா?”

இது பதில் இல்லை. ஆனால் நான் விட்டுவிட்டேன். அவர் வரையத் தொடங்கியிருந்தார். யோசிக்கவே இல்லை. கோடு கோடாக, மனப்பாடமாகச் சொல்வதைப் போல, சுவர்கள் எழுந்தன.

“தர்மடத்துல” என்றார். “கடல்ல இருந்து நாலு வீடு தள்ளி. ஓமான்ல இருந்தப்ப வாங்கிப் போட்ட இடம்.”

அவர் ஓமானில் இருந்தபோது நிஹாலா என் மடியில் கைக்குழந்தை. அத்தனை வருஷமாக ஓர் இடம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். “ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ உம்மாகிட்ட சொல்லுவ. உம்மா உன் அக்காகிட்ட. அப்புறம் இந்த மேசையில திங்கற ஒவ்வொண்ணும் எனக்குத் தொண்டையில நிக்கும்.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பதினஞ்சு வருஷம் ஸஃபூறா. இந்த வீட்டு அடுக்களை எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. தண்ணி வேணும்னா கூப்பிட்டுக் கேக்கணும். ஒரு ராத்திரி தாகத்துல முழிச்சுக்கிட்டு, உன்னை எழுப்ப மனசில்லாம விடியற வரைக்கும் படுத்துக் கிடந்தேன்.”

“அப்ப ஏன் இதுல வரையறீங்க? உங்க பேருலயே வரையலாமே. இது போயிடுமே.”

“போகட்டும். தலையில இருக்கு. அங்க வச்சா அது உங்க வீட்டுப் பொருள் ஆயிடும். இதை நீ மட்டும் பார்த்தா போதும்.” பிறகு கேட்டார், “அடுக்களைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்? ரோட்டுப் பக்கமா, கடல் பக்கமா?”

ஒரு ஜன்னல் எங்கே இருக்க வேண்டும் என்று என்னிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டு ஜன்னல்களெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே இருந்த இடத்தில் இருக்கின்றன. “கடல் பக்கம்” என்றேன். அவர் ஜன்னலை நகர்த்தினார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு நான் பத்திரி ரொட்டிக்கு மாவு பிசைவது கண்ணுக்குத் தெரிந்தது. வேண்டும் என்று இருந்தது. இந்த வீட்டில் எனக்கு இருந்ததிலேயே பெரிய ஆசை அதுதான் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

“சீக்கிரம் பார்த்துக்கோ. ஏழரைக்குக் கரண்ட் போயிடும்” என்றார். தினமும் அரை மணி நேரம் போகிற கரண்ட். கம்ப்யூட்டருக்கு வைத்த யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நான் குனிந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். எங்கள் அறை. நிஹாலாவின் அறை. அடுக்களை. ஹாஜறாத்தா போய்விடுவாள். அவளுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று நேற்றுதான் சொன்னாள். அப்போது உம்மா? தேடினேன். கிழக்கு மூலையில், படியில்லாமல் முற்றத்திலிருந்து நேராக நுழைகிற மாதிரி ஒரு பெரிய அறை இருந்தது. கூடவே குளியலறை. எங்கள் அறையைவிடப் பெரிது. காலை வெயில் முழுவதும் அதற்குத்தான். அந்த முழங்காலுக்குப் படி ஏற முடியாது என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? திரைக்குப் பின்னால் நிற்கிறவளைப் பற்றிக்கூட இவர் யோசித்திருக்கிறாரே என்று அந்த அறையின் மேல் விரலை வைத்தேன்.

“இது உம்மாவுக்கா?” என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

“உம்மாவுக்கா? இது மணியறை” என்றார். “நாளைக்கு நிஹாலாவுக்குப் புதியாப்பிள வருவான்ல. நல்ல அறையா இருக்க வேண்டாமா?”

கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. வீடு இருந்த இடத்தில் இப்போது எதுவும் தெரியவில்லை. இருட்டில் அவருடைய விரல் எலியை இரண்டு தடவை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அடுக்களையில் உம்மா விளக்கை ஏற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்துவந்தாள்.

“புதியாப்பிள சாப்பிட்டாரா மோளே?”

திரைக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் உம்மாவின் கால் விரல்கள் தெரிந்தன. வாசற்படி வரை வந்து, அங்கேயே நின்றன.